டர்போ காரில் 'டியூனிங் பாக்ஸ்' மாட்டினால் ஏற்காடு ஏறுவது ஈஸியா? அஸ்தம்பட்டி கார் ஓனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டினால் ஏற்காடு சாலை. கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஏற்றம் ஆரம்பிக்கும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய பை, ஏசியும் ஓடுகிறது. வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும்.

"டர்போ வண்டின்னுதானே வாங்கினோம், பிக்-அப் எங்கே போச்சு?" என்ற கேள்வி அங்கேதான் வரும். அதற்கு ஆன்லைனிலும் ஆக்சசரீஸ் கடைகளிலும் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது. "ஒரு சின்ன பாக்ஸ் மாட்டுங்க சார். அரை மணி நேர வேலை. பிடிக்கலைன்னா கழட்டிடலாம்."

இந்த பாக்ஸ் உண்மையில் என்ன செய்கிறது? மலை ஏற உதவுமா? சட்டம் அனுமதிக்கிறதா? வாரண்டி என்ன ஆகும்? பார்க்கலாம்.

டியூனிங் பாக்ஸ் என்றால் என்ன?

இன்றைய கார்களில் இன்ஜினை நடத்துவது இசியூ எனப்படும் கம்ப்யூட்டர். எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், ஸ்பார்க் எப்போது என்று முடிவெடுப்பது அதுதான். அந்த முடிவுக்குத் தேவையான தகவலை சென்சார்கள் தருகின்றன.

இசியூவின் சாஃப்ட்வேரையே மாற்றி எழுதுவது 'ரீமேப்'. டியூனிங் பாக்ஸ் அப்படி எதையும் எழுதுவதில்லை. சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்கிறது. அவ்வளவுதான்.

ஒரு உதாரணம். டர்போ தரும் காற்றழுத்தம் 1 பார் என்று சென்சார் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பாக்ஸ் அதை 0.9 பார் என்று இசியூவிடம் சொல்லும். "அழுத்தம் குறைவா இருக்கே" என்று நினைக்கும் இசியூ, டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும். காற்று கூடும், அதற்கேற்ப எரிபொருள் கூடும், சக்தியும் கூடும்.

டீசல் காரிலும் இதே தந்திரம்தான். அங்கே பெரும்பாலும் காமன் ரெயில் பிரஷர் சென்சாரின் அளவைக் குறைத்துக் காட்டுவார்கள். ஜெர்மனியின் ரேஸ்சிப், அமெரிக்காவின் ஜேபி4, பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் டீசல்ட்ரானிக் போன்றவை இந்த வகையில் தெரிந்த பெயர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், காரின் மூளைக்குப் பொய்த் தகவல் கொடுத்து கூடுதல் வேலை வாங்குவதுதான் இதன் அடிப்படை.

எப்படி மாட்டுகிறார்கள்? எப்படி அட்ஜஸ்ட் செய்கிறார்கள்?

இன்ஜினை ஆஃப் செய்து, நன்றாக ஆற விடுவார்கள். காரைப் பூட்டி, இசியூ முழுவதும் 'தூங்கும்' வரை காத்திருப்பது முக்கியம். அதற்கு முன்பே கனெக்டரைக் கழற்றினால் எர்ரர் கோடு பதிவாகிவிடும்.

பிறகு இன்டேக் மேனிஃபோல்டிலும் இன்டர்கூலர் பைப்பிலும் இருக்கும் பிரஷர் சென்சார் கனெக்டர்களைக் கழற்றி, நடுவில் பாக்ஸின் ஒயரிங்கைச் சொருகுவார்கள். ஒயர் எதையும் வெட்டுவதில்லை. டர்போ, சைலன்சர் சூடு படாத இடத்தில் பாக்ஸைக் கட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். பாக்ஸில் பல லெவல்கள் இருக்கும். சிலவற்றை மொபைல் ஆப்பிலேயே மாற்றலாம். பலர் தப்பு செய்வது இங்கேதான். எடுத்ததுமே அதிகபட்ச லெவலுக்குப் போய்விடுகிறார்கள்.

முறையாகச் செய்பவர்கள் மிகக் குறைந்த லெவலில்தான் ஆரம்பிப்பார்கள். ஓபிடி ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்து நான்கு விஷயங்களைக் கவனிப்பார்கள்: பூஸ்ட் அழுத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங், எரிபொருள் கலவை. சுமை ஏறும்போது இசியூ டைமிங்கைத் தொடர்ந்து பின்னுக்கு இழுத்தால், 'நாக்கிங்' தலைகாட்டுகிறது என்று அர்த்தம். உடனே லெவலைக் குறைக்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல், "ஓட்டினா நல்லா இருக்கு" என்ற உணர்வை மட்டும் நம்பி லெவல் ஏற்றுவது ஆபத்து.

ஏற்காடு மலைக்கு இது உதவுமா?

பாக்ஸ் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது.

கொண்டை ஊசி வளைவில் கார் தயங்குவது சக்தி போதாததால் அல்ல, டர்போ சுற்றாததால். டர்போவைச் சுற்ற வைப்பது இன்ஜினின் புகைக்காற்று. வளைவில் வேகம் குறைந்து, இன்ஜின் 1,200 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிட்டால் போதிய புகைக்காற்று இருக்காது, பூஸ்ட்டும் வராது. இதைத்தான் 'டர்போ லேக்' என்கிறார்கள்.

ஃபோக்ஸ்வாகன் டைகுனின் 1 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் முழு டார்க்கான 178 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 1,750 ஆர்பிஎம்மில் இருந்துதான். அதற்குக் கீழே பூஸ்ட்டே சரியாக வராதபோது, பாக்ஸ் எதைக் கூட்டும்? அது பெரும்பாலும் நடு ஆர்பிஎம்மிலும் அதற்கு மேலும்தான் பலன் தரும். அதாவது நான்குவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போது தெரியும். முதல் வளைவில் திணறும்போது தெரியாது.

வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைப்பதுதான் இதற்குத் தீர்வு. ஆட்டோமேட்டிக் என்றால் ஸ்போர்ட் அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றலாம். இதற்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.

சேலம் வெயிலும் மலை உயரமும் சேர்ந்தால்?

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், நாக்கிங் வாய்ப்பு கூடும். ஆபத்தை உணரும் இசியூ தானாகவே டைமிங்கைக் குறைத்து சக்தியைக் குறைக்கும். பாக்ஸ் ஒரு பக்கம் கூட்ட, இசியூ மறுபக்கம் குறைக்க, காசு கொடுத்து வாங்கிய சக்தியில் பெரும்பகுதி வெயிலிலேயே போய்விடும்.

உயரம் இன்னொரு சிக்கல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதே பூஸ்ட்டைக் கொடுக்க டர்போ ஏற்கெனவே கூடுதல் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். "இன்னும் கொடு" என்று பாக்ஸும் கேட்டால், டர்போ தன் வேக வரம்பை நெருங்கும்.

எரிபொருளையும் கவனிக்க வேண்டும். சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன் என்றே நம் ஊரில் விற்கப்பட்டு வந்தது. டியூனிங் பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் உயர் ஆக்டேன் பெட்ரோல் பரிந்துரைக்கப்படுகிறது. எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவை அந்த வகை; விலையும் அதிகம். இப்போது விற்பனையாகும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல், நாக்கிங்கைத் தாங்க ஓரளவு உதவும் என்பது உண்மை. ஆனால் அதே சக்திக்குக் கூடுதல் அளவு எரிபொருள் வேண்டும். எனவே இன்ஜெக்டர்களின் வேலை ஏற்கெனவே கூடியிருக்கிறது.

இன்ஜினைத் தாண்டி என்ன பாதிப்பு?

கார் நிறுவனங்கள் இன்ஜினில் கொஞ்சம் 'மார்ஜின்' விட்டு வைப்பது உண்மைதான். அதைச் சும்மா விட்டு வைக்கவில்லை. மோசமான பெட்ரோல், கடும் வெயில், முழு லோடு எல்லாம் ஒரே நாளில் வந்தாலும் இன்ஜின் பிழைக்கவே அந்த மார்ஜின். பாக்ஸ் எடுத்துச் செலவழிப்பது அதைத்தான்.

கியர்பாக்ஸ் இன்னும் முக்கியம். டைகுன் 1.5 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் வரும் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். அந்த இன்ஜின் கம்பெனியில் இருந்து வரும்போதே தரும் டார்க்கும் 250 நியூட்டன் மீட்டர்தான். இதற்கு மேல் கூட்டுவது ஒவ்வொன்றும் கிளட்ச் தலையில்தான் விழும்.

சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்கு மட்டும் வரும் ஒரு நோயும் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு கொடுக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கக்கூடியது இது. 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் இதைத் தடுக்கவும் உதவுகிறது. டாப் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி மலை ஏறுவதுதான் இதற்கு ஏற்ற சூழல். பாக்ஸ் மாட்டிய காரில் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

"கழட்டிடலாம், யாருக்கும் தெரியாது" என்பது சரியா?

பாதிதான் சரி. பாக்ஸைக் கழற்றினால் சாஃப்ட்வேரில் மாற்றம் எதுவும் இருக்காது. ஆனால் இசியூ கோளாறு நேரத்துத் தகவல்களைப் பதிவு செய்து வைக்கும். பதிவான ஆர்பிஎம், லோடு, வெப்பம் ஆகியவை வழக்கத்துக்கு மாறாக இருந்தால், வாரண்டி கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டர் கேள்வி கேட்கும். மாற்றம் காரணமாக ஏற்பட்ட பழுதை வாரண்டி ஏற்காது.

இன்சூரன்ஸிலும் இதே கதை. காரில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்தில் சொந்த காருக்கான க்ளெய்ம் மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதில் இருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு அந்தத் தீர்ப்பை வழங்கியது.

ஆர்.சி.யில் டியூனிங் பாக்ஸ் பற்றிய கட்டம் எதுவும் இல்லை. அதனால்தான் "இது சட்டவிரோதம் இல்லை" என்ற வாதம் வருகிறது. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாமல் உதிரிபாகம் பொருத்தி வாகனத்தை மாற்றுவதையும் சேர்த்துச் சொல்கிறது. தண்டனை, 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சைலன்சர் மாற்றினால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். பாக்ஸ் போலீஸ் சோதனையில் சிக்குவது கடினம். புகைப் பரிசோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. ஏனெனில் அங்கே கார் லோடு இல்லாமல் நின்றபடி ஓடுகிறது, பாக்ஸ் வேலை செய்வதோ லோடில். ஆனால் சிக்காததால் அது அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. விபத்து நடந்து காரைப் பரிசோதிக்கும்போது விஷயம் வெளியே வரும்.

ஏன் உலகம் முழுக்க இதில் கெடுபிடி?

காரணம் புகை. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் முடக்கப்பட்டிருந்தன. அங்கே நடந்தது டியூனர் மூலம் ஃபில்டர்களையே நீக்கும் வேலை. பாக்ஸைவிடப் பல மடங்கு மோசம். இருந்தாலும் பாடம் ஒன்றுதான். ஒரு காருக்குச் சின்ன விஷயமாகத் தெரிவது, லட்சம் கார்களில் ஊர் காற்றையே கெடுக்கும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி. 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டம். சாலையில் ஓடும்போது வரும் புகையும் இப்போது கணக்கில் வருகிறது. கூடுதல் எரிபொருள் ஊற்றும் டீசல் பாக்ஸ், புகை ஃபில்டரைச் சீக்கிரம் அடைக்கும். அதை மாற்றும் செலவு பாக்ஸ் விலையைத் தாண்டிவிடும்.

அப்போ என்ன செய்யலாம்?

"பிக்-அப் இல்லை" என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியவை இவை:

- ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா?
- ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கிறதா?
- இன்டர்கூலர் ஹோஸில் காற்றுக் கசிவு உண்டா?
- டயர் காற்று சரியாக இருக்கிறதா?
- மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில்தான் ஊற்றப்பட்டிருக்கிறதா?

இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும் பிக்-அப் குறையும். ஹோஸ் கசிவு இருக்கும் காரில் பாக்ஸ் மாட்டினால், டர்போ இன்னும் கஷ்டப்படும்.

வேகத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் இருக்கின்றன. டியூனிங் செய்த காருக்கு இடம் டிராக்தான். எதிரே அரசுப் பேருந்து இறங்கி வரும் ஏற்காடு வளைவு அல்ல.

அதையும் மீறி மாட்ட நினைப்பவர்கள், வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இன்ஜினோ கியர்பாக்ஸோ போனா, பில்லை யார் கட்டுவாங்க?" எழுத்தில் பதில் வராவிட்டால், அந்த பில் யார் தலையில் விழும் என்பது தெளிவு.