நெல்லியும் நாவலும்

நகரத்துப் பெருங்கடைகளில் இப்பொழுது அயல்நாட்டுச் சிறுகனிகள் பல, பளிங்குபோன்ற பெட்டிகளில் அடைபட்டு வந்து வீற்றிருக்கின்றன. அவற்றுள் தலைமை பெற்றது புளுபெர்ரி. அமெரிக்கக் காடுகளில் தானே விளைந்த அக்கனியை எலிசபெத் ஒயிட் என்னும் மாதரசியும், பிரெடரிக் கோவில் என்னும் தாவர நூல் வல்லாரும் பயிராக்கி, 1916-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு அனுப்பினர். காட்டுச் செடியொன்றை ஆராய்ந்து உலகமெங்கும் செலவாகும் பண்டமாக்கிய அவர்தம் ஊக்கத்தை நாம் பாராட்டுகின்றோம். ஆயின், மிகுந்த விலை கொடுத்து அதனை வாங்கும் நம் மாணவர், வாயிலில் கூடையிறக்கியிருக்கும் மூதாட்டியின் நெல்லிக்காயை ஏறெடுத்தும் பாரார் என்பதே எமது குறை.

நெல்லியை நம்மவர் அறியாதவரல்லர். அதியமான் அதனை ஔவைக்கு ஈந்த வரலாற்றைத் தேர்வில் எழுதாதவர் யார்? உள்ளங்கை நெல்லிக்கனியென்று மேடையில் முழங்காதவர் யார்? அக்கனி தம் உள்ளங்கையில் மெய்யாகவே இருந்து எத்தனை மாதமாயிற்று என்று வினவினாலன்றோ விழிக்கின்றனர்!

1918-இல் நம் குன்னூரில் மக்கேரிசன் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்று, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறிய ஆராய்ச்சி நிலையமே இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமென வழங்குகின்றது. அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில், 100 கிராம் நெல்லிக்காயில் 'ஸி' என்னும் ஜீவசத்து ஏறக்குறைய 250 மில்லிகிராம் உளதெனக் காண்கின்றோம். ஆரஞ்சில் அஃது 50 அளவே. புளுபெர்ரியிலோ 10-ஐ எட்டுவதும் அரிது. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 65 முதல் 80 மில்லிகிராம். ஆகவே நடுத்தரமான ஒரு காயே அன்றன்றைய தேவைக்குப் போதியதாகும்.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிரில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகையுடையோர். நம் வகுப்புக்களில் அமர்ந்திருக்கும் மாணவிகளும் அவ்வயதினரே. இச்சோகைக்குக் காரணங்கள் பலவாயினும் இரும்புச் சத்தின் குறைவு முதன்மையானது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. 'ஸி' ஜீவசத்து உடன் சேருமாயின் அதனை மிகுதியாக ஏற்கின்றது. தேநீரோ அதற்கு நேர்மாறாகத் தடை செய்வது. உண்டு கைகழுவியவுடனே தேநீர்க் கடைக்கு விரையும் வழக்கமோ நம் விடுதிகளில் வேரூன்றியுள்ளது. அதனை ஒரு மணி நேரம் தள்ளி வைத்து, சோற்றுடன் பச்சை நெல்லியைத் துவையலாகவோ தயிர்ப் பச்சடியாகவோ இடுவதற்கு விடுதிக் குழுவினர்க்குப் பெருஞ்செலவு பிடியாது. சர்க்கரைப் பாகில் ஊறிய நெல்லியை நாம் கருதவில்லை, அது தின்பண்டம்.

நாவலின் செய்தி சற்று வேறு. புளுபெர்ரிக்கு நீலத்தையளித்து, ஆராய்ச்சியாளர் நோக்கையும் ஈர்த்த ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் நம் நாவற்பழத்திலும் உண்டு. நாவைக் கருநீலமாக்குவதும் அதுவே. ஆனி, ஆடியில் கிடைக்கும்போது உண்பது நன்று. அதன் கொட்டைப்பொடி நீரிழிவை நீக்கிவிடும் என்று சொல்லி மருந்தை நிறுத்தச் செய்வாரை மட்டும் நம்பலாகாது. நிற்க, தாவர நூலார் வகுத்த இலக்கணப்படி நாவலும் தக்காளியும் கத்தரிக்காயுங்கூடப் பெர்ரி இனமேயாம். பெயரில் பெர்ரியைத் தாங்கிய ஸ்ட்ராபெர்ரியோ அவ்வினத்ததன்று. இலந்தையும் களாவும் இப்பொழுது நகர மாணவர்க்குப் பெயரளவிலும் தெரியவில்லை. இலந்தை வடையை மென்றவர்க்கும் அப்பழம் முள்மரத்தில் விளைவதென்பது புதுச் செய்தியாயிருக்கின்றது.

கல்லூரி வளாகத்தில் ஆண்டுதோறும் மரம் நடு விழா நடைபெறுகின்றது. நிழலுக்கும் அழகுக்குமே கன்றுகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. அடுத்த விழாவில் நெல்லி ஒட்டுக்கன்றுகள் சிலவற்றை நடுமாறு வேண்டுகின்றோம். அவை நன்கு காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். நட்ட மாணவர் அதற்குள் பட்டம் பெற்றுச் சென்றிருப்பர். பழைய மாணவர் சங்கத்தார் கன்றுகளின் செலவை ஏற்க முன்வருவாராயின், ஒரே ரகமாக வாங்காது இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து வாங்கித் தருக. தனித்து நிற்கும் நெல்லி சரியாகக் காய்ப்பதில்லை.