ஐஸ் மீன் என்றால் அவ்வளவு மட்டமா?

தேனி, போடி, கம்பம் பக்கம் கடையில் விற்கும் பாக்கெட் மீனைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் தான் வரும். "அது செத்து எத்தனை மாசம் ஆச்சோ, ருசியே இருக்காது!"

சரி, இந்தப் பள்ளத்தாக்கில் "ஃப்ரெஷ்" கடல் மீன் என்று ஒன்று உண்டா? சாலை வழியே 100 கிலோமீட்டருக்குள் கடலே கிடையாது. தூத்துக்குடியோ, ராமேஸ்வரமோ, கேரளக் கரையோ... எங்கிருந்து வந்தாலும் ஐஸ் பெட்டியில் தான் வரவேண்டும். ஐஸ் கெடுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவு தான். மைனஸ் 18 டிகிரியில் உறைந்த மீனில் கிருமிகள் பெருகாது. ஐஸ் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பதை 2018-ல் கேரளா பார்த்தது. "ஆபரேஷன் சாகர் ராணி" சோதனையில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது.

அதற்காகப் பாக்கெட் மீன் எல்லாம் யோக்கியம் என்று சொல்ல முடியாது. கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்திருந்தால் துண்டுகள் கட்டியாக ஒட்டிக்கொண்டு, பாக்கெட்டுக்குள் பனித்தூள் நிறைய இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். மீனைக் காய விடாமல் காக்க மேலே ஒரு ஐஸ் பூச்சு இருக்கும். எனவே விலையை ஒப்பிடும்போது ஐஸ் நீங்கலான நிகர எடையைப் பார்க்க வேண்டும்.

ருசி இல்லை என்பதற்குப் பாதிக் காரணம் அடுப்படியில் தான் இருக்கிறது. கல் மாதிரி இருக்கும் துண்டை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால் வெளியே கரைந்து உள்ளே வேகாமல் நிற்கும். வெந்நீரில் உருக்குவதும், வெளியே நாள் முழுக்க வைப்பதும் தப்பு. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். அவசரம் என்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போடலாம். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். உறையும்போது ஐஸ் படிகங்கள் சதையைக் கிழிப்பதால் உருகியதும் தண்ணீர் விடும். அந்த ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் மசாலா உதிர்ந்துவிடும். கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பாக வரும்.

பாசா போன்ற முள்ளில்லாத மீனைக் குழம்பில் போடுவதாக இருந்தால், புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து வற்றிய பிறகு கடைசி ஐந்தாறு நிமிடம் போதும். கரண்டி போடாமல் சட்டியைச் சுற்றி ஆட்ட வேண்டும். முள்ளும் தலையும் தரும் ருசி அதில் வராது என்பதும் உண்மை.

அந்த ருசி வேண்டுமென்றால் பக்கத்திலேயே வைகை அணை இருக்கிறது. 1959-ல் திறந்த அந்த அணையில் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கிடைக்கும். தேனிக்காரர்களுக்கு உண்மையான ஃப்ரெஷ் மீன் அது தான். கடல் மீன் தான் வேண்டும் என்றால், எப்போது பிடித்தது என்றே தெரியாத ஐஸ் பெட்டி மீனை விட, தேதி போட்ட பாக்கெட்டை நம்புவதில் கேவலம் ஒன்றும் இல்லை.