ஸ்டியரிங் ஆட்டம் எங்கே பிறக்கிறது?



மரவள்ளிக் கிழங்கு மலையிலிருந்து இறங்கும் பருவத்தில், செம்மேட்டை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் தங்கள் சிறிய டிராக்டரைப் பங்கு இல்லத்து முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினர். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பின்னரே முன்சக்கரம் அசைந்தது. அடிவாரத்துப் பட்டறை ஒன்றில், ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றவேண்டும் என்று கூறிவிட்டனராம். அதற்காகக் கறவை மாட்டை விற்பதா வேண்டாமா என்பதே அவர்களுடைய கவலை. குருமடத்தில் நான் பயின்றது தர்க்கம், இயந்திரவியல் அன்று. எனினும் விளைவிலிருந்து காரணத்தைத் தேடிச் செல்லும் முறை இரண்டிற்கும் பொதுவானதே.

கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் பெரிய டிராக்டர் திரும்ப இடமேது? சிறிய டிராக்டர்தான் இங்கு உதவும். ஆனால் விளைந்ததைக் காரவள்ளிக்கு இறக்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். வயலில் வெறும் தொல்லையாக இருக்கும் ஆட்டம் அங்கே உயிருக்கே உலை வைத்துவிடும்.

பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில், நாம் பிடிக்கும் வளையத்திலிருந்து சக்கரம் வரை அசைவு ஒரு சங்கிலி போலச் செல்கிறது. ஸ்டியரிங் தண்டு, பாக்ஸ், அதிலிருந்து நீளும் கை, இணைப்புத் தண்டுகள், அவற்றின் முனைகளில் பால் ஜாயிண்டுகள், பின்னர் கிங் பின், சக்கர பேரிங். ஓரியின் ஒரே அம்பு ஐந்து விலங்குகளைத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிறது. பட்டறைக்காரர் சிலரும் அவ்வாறே ஒரே வீச்சில் பாக்ஸைக் குறிவைக்கின்றனர். தேய்வோ பெரும்பாலும் சேறும் நீரும் படும் கீழ்ப்பகுதியிலேயே தொடங்குகிறது.

சோதனை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணையுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவே ஆட்டட்டும். மற்றொருவர் குனிந்து, பாக்ஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் பார்த்து, விரல் வைத்தும் உணரட்டும். ஒரு துண்டு அசைந்து அதற்கு அடுத்தது அசையாமல் நிற்கும் இடமே குற்றவாளி. எங்கள் முற்றத்தில் பாக்ஸின் கை உடனே அசைந்தது. இணைப்புத் தண்டும் அசைந்தது. அதன் முனையிலிருந்த பால் ஜாயிண்ட் குழிக்குள் குலுங்கியது. அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீசுக்குப் பதில் செம்மண் இருந்தது! பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம்.

பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கி ஆட்டத்தை மறைப்பாரும் உளர். அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டியரிங் நடுவில் பிடித்துக்கொள்ளும். பல்லும் விரைவில் தேயும்.

அடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தை உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான முட்டுக் கொடுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். சக்கரத்தைத் தாங்கும் சிற்றச்சும் சேர்ந்து ஆடினால் கிங் பின் அல்லது அதன் புஷ். அச்சு முழுவதும் முன்னும் பின்னும் நகர்ந்தால் நடுவிலுள்ள சுழல்முளை தேய்ந்துவிட்டது என்று கொள்க. இதைப் பலர் பார்ப்பதேயில்லை.

பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் கணக்கு சற்று வேறு. பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டில் விளக்கிய திரவ அழுத்த விதியே அங்கு வேலை செய்கிறது. ஸ்டியரிங் கனத்தால் முதலில் டயர் காற்றையும், பின்பு எண்ணெய் அளவையும் வடிகட்டியையும் பாருங்கள். எண்ணெய் நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கலாம். முன்சக்கரங்களைத் தூக்கிய நிலையிலும் கனமாக இருந்தால் கிங் பின் போன்ற ஏதோ இறுகியிருக்கக்கூடும். தூக்கும்போது இலேசாகவும் தரையில் கனமாகவும் இருந்தால் பம்பின் அழுத்தத்தைச் சந்தேகிக்கலாம். எண்ணெய்க் கசிவைத் தேட வெறுங்கையை வைக்காதீர்கள். அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலையே துளைத்துவிடும்; அட்டைத் துண்டு போதும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இரு டயர்களின் காற்றையும், ஒரு பக்கத்துப் பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வயலில் சட்டென்று திரும்புவதற்காகத் தனித்தனியே மிதிக்கும் இரு பிரேக் மிதிகளையும் சாலைக்கு வருமுன் கொக்கியால் இணைத்தே தீரவேண்டும். நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் சென்றாலும் ஸ்டியரிங் கனக்கும். அதைக் கோளாறென எண்ணவேண்டாம். ஆயினும் செங்குத்தான இறக்கத்தில் அது முன்சக்கரங்களுக்கும் தடுப்புத் தருவதால், எப்போது போடுவது என்பதில் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று: எல்லா மூட்டும் சரியாக இருந்தும் ஏற்றத்தில் ஸ்டியரிங் காற்றில் சுழல்வதுபோல் இலேசாகிவிடுகிறதா? பின்னாலுள்ள சுமை முன்சக்கரங்களைத் தூக்குகிறது என்பது பொருள். டிரெய்லரைத் தாழ்வான கொக்கியிலேயே மாட்டுங்கள், முன்பக்கம் எடைக்கட்டிகளைச் சேருங்கள், சுமையையும் குறையுங்கள்.

அக்குடும்பத்தினர் அவ்வாரக் கிழங்கை வாடகை வண்டியில் அனுப்பினர். புதிய பால் ஜாயிண்ட் பொருத்தி, நட்டுக்குப் புதுப் பின்னும் போட்டு, முன்சக்கரங்களின் உட்சாய்வை அளந்து பார்த்த பிறகே டிராக்டரைக் காரவள்ளிக்கு இறக்கினர். முதன்முறை டிரெய்லர் இல்லாமல்.