காட்டுச் சுவரில் இரண்டு பெயர்கள்

ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்துக் காட்டில் ஆரணி ஜாகீர்தார் கட்டிய கண்ணாடி மாளிகை பாழடைந்து நிற்கிறது. அதன் சுவர்களில் வந்துபோனவர்கள் பெயர் பெயராய்க் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் கண்ட பெரிய மனிதர்கள், “காலிகள் செய்த அக்கிரமம்” என்று கோபிக்கிறார்கள்.

அக்கிரமம் என்பதில் நமக்கும் ஆட்சேபணையில்லை. ஜாகீர்தார் செல்வமெல்லாம் குடிகள் கொடுத்த பணந்தானே! தன் பாட்டன் உழைப்பைத் தானே ஆணியால் கீறிக் கெடுப்பது புத்தியுள்ளவன் காரியமாகாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஜமீனும் ஜாகீரும் ஒழிந்தன. கட்டடம் என்ன குற்றம் செய்தது?

நிற்க. எழுதியது தப்பு என்று சொல்லிவிட்டால் சங்கதி தீர்ந்ததா? ஏன் எழுதினான் என்று கேட்க வேண்டாமா?

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இலங்கையில் காசியப்ப மன்னனின் சிகிரியாக் கோட்டை பாழான பின்பு, பார்க்க வந்தவர்கள் அங்குள்ள கண்ணாடிச் சுவரில் பாட்டுகள் கீறிப் போனார்கள். அவற்றில் 685 பாட்டுகளைப் பரணவிதான என்ற அறிஞர் படித்து 1956-இல் வெளியிட்டார். கீறிய நாளில் அதுவும் கிறுக்கல்தான். இன்று அதுவே சரித்திரம். அரசனின் கல்வெட்டு அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லும். சாதாரண மனிதனின் மனத்தை அறிய இப்படிப்பட்ட கிறுக்கலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நம் காலத்துக் கிறுக்கல் என்ன சொல்லுகிறது? ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவே ஓர் இருதயக் குறி. ஊருக்குள் எத்தனையோ சுவர்கள் இருக்க, இதை எழுதக் காட்டுக்குப் போவானேன்? ஊருக்குள் எழுதினால் ஜாதி படித்துவிடும் என்ற பயமன்றி வேறென்ன? பாவும் ஊடையும் சேராமல் பட்டில்லை என்று அறிந்த ஊர் இது. நூலுக்கு ஜாதி பார்க்காத நாம், பிள்ளைகளுக்குப் பார்க்கிறோம்!

1967-இல் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்டம் வந்தது. ஆனால், மதம் ஜாதி பாராமல் மணந்துகொள்ள 1954-இல் வந்த தனித் திருமணச் சட்டமோ, மணக்க விரும்புவோரின் பெயர்களை அலுவலகத்தில் ஒட்டிவைத்து, ஆட்சேபணைக்கு 30 நாள் தவணை கொடுக்கிறது. காட்டுச் சுவரில் தாங்களாக எழுதினால் காலித்தனம். சர்க்கார் சுவரில் ஜாதிக்காரன் படிப்பதற்கென்றே ஒட்டினால் சட்டமா?

ஆகவே, சர்க்கார் அம்மாளிகையைப் பழுதுபார்க்கட்டும். வெள்ளையடிக்கும் முன் அவ்வெழுத்துக்களைப் படமெடுத்து வைக்கட்டும். அந்த 30 நாள் விளம்பரத்தை எடுத்தெறியட்டும். வாலிபர்களே! ஆணியைக் கீழே போடுங்கள். பெற்றோர்களே! அந்த இரண்டு பெயர்களையும் கல்யாணப் பத்திரிகையில் அச்சிட உங்களுக்குத் துணிவு வந்தால், காட்டுச் சுவர் தானே சுத்தமாகும்.