மரத் தரையா? மரம் போன்ற தரையா?

வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. சுவர் எழும்பும் வரை பணக் கவலை. தரை போடும் நாள் வந்தால் பணக் கவலையோடு நூறு யோசனையும் சேர்ந்துகொள்ளும்.

தாராபுரத்தில் புது வீடு கட்டும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலை முடிந்துவிட்டது. மகன் கோவைக்குப் போய்க் கடைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

"தேக்குப் பலகை போட்டுட்டா அரண்மனையாட்ட இருக்கும் அம்மா!" என்கிறான்.

"அத்தனை விலை எதுக்குங்க? லேமினேட்டுன்னு ஒண்ணு இருக்குது. பார்த்தா மரமேதான். விலையும் ரொம்பக் குறைச்சல்" என்கிறாள் மருமகள்.

மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்கிறாள்: "ஏஞ்சாமி, அதுல தண்ணி ஊத்திக் கழுவலாமா?"

இருவரும் விழிக்கிறார்கள். பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. கடைக்குப் போகும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அசல் எது, நகல் எது?

அசல் மரத் தரை என்றால் முழுப் பலகை. தேக்கு போன்ற உறுதியான மரத்தை முக்கால் அங்குலக் கனத்துக்கு அறுத்து, இழைத்து, ஒன்றோடு ஒன்று கோத்துப் பதிப்பார்கள். தேய்ந்தால் மறுபடி இழைக்கலாம், மெருகு ஏற்றலாம். நன்றாகப் பராமரித்தால் பேரன் காலம் வரை உழைக்கும்.

லேமினேட் அப்படியல்ல. மேசைமேல் ஒட்டும் சன்மைக்காவைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இது தம்பி முறை. மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த அட்டைதான் இதன் உடம்பு. அதன்மேல் மரத்தைப் படம் பிடித்து அச்சிட்ட காகிதம். அதற்கும் மேலே தேய்மானம் தாங்கும் கண்ணாடி போன்ற பூச்சு. 1977இல் சுவீடன் நாட்டில் பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது. பிறகு உலகமெங்கும் பரவியது.

இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, நகலை நகல் என்று சொல்லி விற்கும் வரையில்! "இதுவும் மரம்தான்" என்று யாராவது சொன்னால் பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். அசல் மரத்தில் மேலே தெரியும் ரேகை முனையிலும் ஓடும். லேமினேட்டின் முனையில் பழுப்பு நிற அட்டைதான் தெரியும். ஒரே கணு, ஒரே ரேகை நாலைந்து பலகைகளில் திரும்பத் திரும்ப வந்தாலும் அது அச்சுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

மலையில் தேக்கு, தரையில் காவி

நம் பக்கத்தில் மரத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனைமலையில் வெட்டிய தேக்கை அந்தக் காலத்தில் உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டுத்தான் கீழே இறக்கினார்கள். டாப்ஸ்லிப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். அந்தத் தேக்கு கப்பல் கட்டப் போனது. ரெயில் தண்டவாளத்துக்கும் போனது.

இத்தனை தேக்கு பக்கத்திலேயே இருந்தும் கொங்கு நாட்டுப் பெரியவர்கள் அதைத் தரையில் போடவில்லை. பழைய தொட்டிக்கட்டு வீடுகளைப் போய்ப் பாருங்கள். தூண் மரம். நிலை மரம். உத்தரம் மரம். தலைக்கு மேலே மச்சும் மரம். காலுக்குக் கீழே மட்டும் சாணம் மெழுகிய மண், அல்லது கல், அல்லது காவித் தரை! ஏன்?

காரணம் மூன்று. முதலாவது கரையான். மண்ணைத் தொட்ட மரத்தை அது விடாது. வைரம் பாய்ந்த தேக்கில் உள்ள எண்ணெய்ச் சத்து கரையானைத் தடுக்கும். ஆனால் தேக்கின் ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தச் சக்தி கிடையாது. லேமினேட்டின் அட்டையோ அதற்குப் பலகாரம் மாதிரி!

இரண்டாவது தண்ணீர். நாம் தரையைக் கழுவிப் பழகியவர்கள். வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுவதும் கழுவியாக வேண்டும். அசல் மரம் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் ஓரளவு அடங்கும். லேமினேட்டின் இணைப்புக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் முனை வீங்கும். வீங்கியது பழையபடி அடங்காது. இழைத்துச் சரிசெய்யவும் முடியாது. இழைத்தால் படம் போய்விடும்!

மூன்றாவது நம் காற்றும் வெயிலும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்று வீட்டுக்குள் புழுதியையும் கொண்டு வருகிறது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் வாங்கி விரியும். மாசி, பங்குனி வெயிலில் சுருங்கும். சுருங்கிய இடுக்கில் புழுதி போய் உட்காரும். குளிர் நாட்டில் காலுக்குச் சூடு வேண்டும் என்று மரம் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் நாம் தேடுவது குளிர்ந்த தரையை அல்லவா?

மரமே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. மரத்துக்கு நல்ல குணங்களும் உண்டு. மார்கழிக் குளிரில் பெரியவர்கள் காலுக்கு இதமாக இருக்கும். குழந்தை தவறி விழுந்தாலும் கருங்கல் தரையைப் போல அடிபடாது. ஆசைப்பட்டவர்கள் மாடியில் ஒரு படுக்கை அறைக்குப் போட்டுக்கொள்ளட்டும். அங்கே மண் ஈரம் இல்லை. கழுவும் வேலையும் இல்லை.

சொந்த வீடு, கையில் பணம் இருக்கிறது, நீண்ட காலம் இருக்கப்போகிறோம் என்பவர்கள் அசல் தேக்குக்கே போகலாம். இடித்த பழைய வீட்டு உத்தரம் கிடைத்தால் அறுத்துப் பலகையாக்கிக்கொள்ளலாம். பல்லாண்டு காய்ந்த மரம் என்பதால் அது எளிதில் முறுக்காது. பணம் குறைவு, பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்தால் போதும் என்பவர்களுக்கு லேமினேட் போதும். சமையலறை, பூஜை அறை, குளியலறை வாசல், வெளித் திண்ணை ஆகிய இடங்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

வாங்கும் முன் செய்யுங்கள்

கடைக்காரரிடம் லேமினேட் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டு வையுங்கள். காலையில் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அந்தத் துண்டு சொல்லிவிடும்.

பெட்டியின் மேல் 'ஏசி' என்று எழுதி ஓர் எண் போட்டிருக்கும். தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. வீட்டுக்கு ஏசி 3 போதும். பசையிலிருந்து வரும் வாடை குறைவான 'ஈ 1' ரகமா என்றும் கேளுங்கள்.

சிமெண்டுத் தளத்தில் ஈரம் இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு பகல், ஓர் இரவு விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டியிருந்தால் தளம் காயவில்லை. மரமும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம், பொறுத்திருங்கள்.

சுவர் ஓரத்தில் இடைவெளி விடச் சொல்லுங்கள். லேமினேட்டுக்குக் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விரிய இடமில்லாத பலகை நடுவில் மேலே தூக்கிக்கொள்ளும். இன்னும் அஸ்திவாரமே போடாதவர்கள் கரையான் மருந்தை அப்போதே போட்டுவிட வேண்டும். அதற்கென்றே ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. கட்டிடப் பொறியாளரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்காகத் தரை?

கடைசியாக ஒன்று. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் தரையைப் பார்த்து, "அடேயப்பா!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு விட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கடன் வாங்கித் தேக்குப் பதித்துவிட்டு, மாதா மாதம் தவணைக்கு அலைகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

தரை என்பது நாம் உட்கார்ந்து சாப்பிடும் இடம். பாய் விரித்துப் படுக்கும் இடம். குழந்தை தவழும் இடம். பாட்டி ஊன்றி எழும் இடம். ஈரக் காலோடு வந்தால் வழுக்காமல் இருக்கிறதா, கழுவினால் கெடாமல் இருக்கிறதா, கடன் இல்லாமல் முடிகிறதா? இந்த மூன்று கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லும் தரையே நல்ல தரை. அது காவியானாலும் சரி, கடப்பைக் கல்லானாலும் சரி, சொரசொரப்பான டைல்ஸ் ஆனாலும் சரி.

தரை பார்க்கக் கடைக்குப் புறப்படுகிறீர்களா? பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்!