வலை வாணிகமும் கருவித் தெரிவும்

பொருளை விளைத்தல் ஒரு தொழில். விளைத்த பொருளைக் கொள்வார்க்கு அறிவித்தல் மற்றொரு தொழில். முன்னாளில் இவ்விரண்டாம் தொழிலைக் கடைத்தெருவும் சந்தையுமே செய்துவந்தன. இக்காலத்திலோ கொள்வார் தம் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் இரண்டொரு சொற்களைத் தட்டித் தேடுகின்றனர். கூகுள் முதலிய தேடற்பொறிகள் முதற்கண் காட்டும் சில வலைத்தளங்களைத் திறந்து பார்த்து, அவற்றோடு அமைந்துவிடுகின்றனர். ஆதலின், அம்முதல் வரிசையில் இடம்பெறுதற்காம் முயற்சி ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அதற்குத் துணையென்று விற்கப்படும் மென்பொருட் கருவிகளும் பலவாயின. அவற்றுள் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்பது குறித்துச் சில கூற விழைகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் யாது தொடர்பு என வினவுவாரும் உளர். அவர்க்கு விடை பின்னர்த் தோன்றும்.

இதனை விளக்குதற்குச் சீர்காழியினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா. திருஞானசம்பந்தர் தோன்றிய இவ்வூருக்குப் பிரமபுரம், தோணிபுரம், கழுமலம் முதலாகப் பன்னிரண்டு பெயர்கள் உண்டென்பது தேவாரம் பயின்றார் அறிந்ததே. ஆங்கிலேயர் ஆட்சியில் இது ‘ஷியாலி’ ஆயிற்று. இன்றோ, ழகரத்தை ஆங்கில எழுத்தால் குறிக்கும் வகையிலேயே பல வேறுபாடுகள் வழங்குகின்றன. மாவட்டத்தின் பெயரும் ஒருநிலையில் நிற்கவில்லை. பழைய தஞ்சை மாவட்டத்தினின்று 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. அதனின்று 2020-இல் மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. தம் வலைத்தளத்தில் பழைய முகவரியையே வைத்திருக்கும் வணிகரைப் புதிய பெயரால் தேடுவோர் எங்ஙனம் எளிதிற் காண்பர்? இக்குறையை நீக்கப் பொன்விலைக் கருவி வேண்டுவதில்லை. ஊரறிந்த ஒருவர் அரைமணி நேரம் அமர்ந்தாற் போதும்.

சீர்காழிக்கு அணித்தான வைத்தீசுவரன் கோயிலில் நாடி சோதிடம் பார்ப்போர் பலர் வலைத்தளம் அமைத்துக் கடல் கடந்தாரையும் அழைக்கின்றனர். அச்சோதிடத்தின் மெய்ம்மை பற்றி ஈண்டு யாம் ஆராயப் புகவில்லை. தொலைவிலுள்ளார் எச்சொல்லால் தேடுவர் என்பதை அவர்கள் அறிந்துகொண்டனர் என்பதே நாம் கருதத்தக்கது. அதே வட்டத்தில், கொள்ளிடத்தை அடுத்த தைக்காலில், பிரம்பினால் நாற்காலியும் ஊஞ்சலும் தொட்டிலும் முடையும் கைவினைஞர் உளர். சாலை வழியே செல்வார் கண்டு வாங்கினாலன்றி அவர்தம் திறம் வெளியுலகிற் பரவுதல் அரிதாயிருக்கின்றது. கைத்திறன் மிக்கார் மறைந்து கிடத்தல் நாட்டிற்கு இழப்பன்றோ?

ஆயினும், மறைவினின்று வெளிப்பட விரும்பும் எளியார் கருவி விற்போர் கையில் அகப்பட்டு வருந்துதலும் உண்டு. யாம் அறிந்த சிறு வணிகர் ஒருவர், பிறர் சொற்கேட்டு, அயல்நாட்டு நாணயத்தில் மாதக் கட்டணம் செலுத்தும் கருவியொன்றைக் கொண்டார். அது திங்கள்தோறும் ஆங்கிலத்தில் நெடிய அறிக்கைகளை அனுப்பியது. அவற்றைப் படிப்பாரும் இல்லை; படித்துச் செய்வாரும் இல்லை. எட்டுத் திங்கள் கழித்து அவர் கணக்கைப் பார்த்தபோது, கருவிக்கு ஈந்த தொகை அதனால் வந்த விற்பனையினும் மிகுதியாயிருந்தது. அவரது கடையின் தொலைபேசி எண்ணோ வலைத்தளத்தில் பிழைபட்டே கிடந்தது!

இப்பிழை எங்கிருந்து வந்தது? கருவி இன்னதென்று உணராமையினின்று வந்தது. மரக்கால் நெல்லை விளைப்பதில்லை. விளைந்ததை அளப்பதே அதன் தொழில். இக்கருவிகளும் அத்தகையனவே. அவற்றுள் இருவகை உண்டு. கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ போல்வன, நம் தளத்தை மக்கள் எச்சொற்களால் தேடிக் கண்டனர், எத்துணைமுறை கண்டனர், எத்துணைமுறை திறந்தனர் என்பவற்றைப் பதினாறு திங்கள் வரை காட்டுவன, கட்டணம் இல்லாதன. ‘செம்ரஷ்’, ‘ஏரெஃப்ஸ்’ போல்வன, பிறர் தளங்களின் நிலையையும், எச்சொல்லை எத்துணைபேர் தேடுவர் என்பதையும் மதிப்பிட்டுரைப்பன, கட்டணம் மிக்கன. பல நாடுகளில் போட்டியிடும் பெருநிறுவனத்திற்கும், பலர்க்காகத் தொழில் செய்யும் முகவர்க்கும் பின்னவை பயன்படும், அதனை மறுக்கின்றிலோம். ஆனால், சிற்றூர்ப் பொருளைத் தமிழிற் றேடுவார் தொகை சிறிது. அத்தகைய சொற்களுக்கு இம்மதிப்பீடுகள் பெரும்பாலும் சுழியத்தையே காட்டும். சுழியத்தை அறிதற்கு மாதந்தோறும் ஆயிரக்கணக்கிற் செலுத்துதல் அறிவுடைமை ஆகுமா?

ஆகவே, கருவி கொள்வார் நான்கு வினாக்களை முன்னிட்டுத் தெளிதல் வேண்டும். யாம் அறிய விரும்புவது யாது? அதனைக் கட்டணமில்லாக் கருவி காட்டாதா? தமிழ்ச் சொற்களை இது செவ்வனே கையாளுமா? நாளை இதனை விடுத்தால் எம் கணக்குகளை எம்மோடு கொண்டுசெல்ல இயலுமா? தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்துள்ள சோகோ நிறுவனம் வலை வாணிகத்திற்குரிய மென்பொருள்களை ஆக்கி உலகெங்கும் விற்கின்றது. நம் நாட்டுப் பொருள் என்பது உவகைக்குரியதே. ஆயினும் அதனைக் கொள்ளுமிடத்தும் இந்நான்கு வினாக்களையும் விடுத்தல் கூடாது. முதலிடம் பெற்றுத் தருவோமென உறுதி கூறுவாரையோ வாயிலிலேயே விலக்குக. அவ்வுறுதியை எவராலும் தர இயலாதென்று கூகுள் நிறுவனமே அறிவித்துள்ளது.

இனித் தமிழ் மாணாக்கர்க்குரிய இடம் யாதெனின், கூறுவோம். திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்திப் பழைய நெல்வகைகளை மீட்ட நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் போன்றார் உழைப்பால் மாப்பிள்ளைச் சம்பா இன்று மீண்டும் விலைபோகின்றது. இலக்கணப்படி இப்பெயரில் ஒற்று மிகும். தேடுவாரோ பெரும்பாலும் ஒற்றின்றியே தட்டுகின்றனர். ஆங்கில எழுத்தில் ஒரு பகரமிட்டும் இரு பகரமிட்டும் எழுதுகின்றனர். நெல்லின் பெயரே அறியாதார் ‘பழைய அரிசி வகை’ எனத் தேடுகின்றனர். வழக்கும் செய்யுளும் ஆராய்தலைப் பயின்ற நாம், மக்கள் வழக்கில் ஒரு பொருளுக்கு எத்துணைச் சொற்கள் உள என்று தொகுத்தளித்தற்கு உரியோம் அல்லமோ? தமிழ் படித்தார்க்குப் பிழைப்பில்லை என்பார் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இத்துறையில் பொய்ம்மைக்கும் வழி மிகுதி. பிறர் தளங்களில் விலைகொடுத்து இணைப்புகளை வாங்குதலும், பொய்யான நற்சான்றுகளை எழுதுவித்தலும் நிகழ்கின்றன. இணைப்பு வாணிகம் செய்தாரை ஒடுக்கக் கூகுள் 2012-இல் ‘பெங்குவின்’ என்னும் மாற்றத்தைக் கொணர்ந்தபோது பல தளங்கள் தம் இடத்தை இழந்தன. தண்டத்திற்கு அஞ்சியன்று, கள்ளத் தராசைக் கடியும் வேதத்தை ஓதுவோம் என்னும் நினைவினாலேயே நம் கல்லூரி மாணாக்கர் இச்செயல்களினின்று விலகுதல் வேண்டும்.

சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர் கையில் அச்சுப்பொறி இல்லை. முதலில் மக்கள் மொழியைக் கற்றார். அச்சுப்பொறி சில ஆண்டுகள் கழித்தே வந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி நிறைவுற்றது. மொழி முன், கருவி பின் என்பதே அவர் காட்டிய முறை. வரும் விடுமுறையில் நம் தோழர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு கைவினைஞரையோ உழவரையோ கண்டு, அவர் கடையின் பெயரும் முகவரியும் வலையில் பிழையின்றி உளவா எனப் பார்த்துத் திருத்தித் தருவாராக. அதற்குக் கட்டணம் இல்லை, பயனோ பெரிது.