அளக்கப்படாத வாசல்

மலாயாவில் வணிக நோக்கோடு முதலில் ரப்பர் பயிரிட்டவர் டான் சே யான். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியவர், சில ஆண்டுகளிலேயே ஜாசின் வட்டாரத்துப் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் திறந்தார். பால் மரம் சீவத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காக லயங்கள் எழுந்தன.

சிக்கனமும் கண்காணிப்பும்தான் லயத்தை வரைந்தன. ஒரே கூரை, ஒரே நீள வரிசை, குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. மேட்டில் துரை பங்களா, சற்றுக் கீழே கிராணி என்ற எழுத்தரின் வீடு, பள்ளத்தில் லயம். காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்கு மணி அடித்த பிறகும் எந்தக் கதவு திறக்கவில்லை என்பது மேற்பார்வையாளரான தண்டலுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். யார் யாருக்கு மேல் என்பதைத் தோட்டத்துப் பிள்ளை எழுத்தறியும் முன்பே நிலத்தின் ஏற்ற இறக்கத்தில் படித்துவிடும். தோட்டத் தமிழர் நிமிர்ந்து பேசத் தயங்கினார்கள் என்று குறை சொல்கிறவர்கள் இந்த அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் அந்தக் கூரையின் கீழ் எப்போதும் படுத்திருந்தது.

அப்படிப்பட்ட வரிசையையும் நம்மவர்கள் வாழிடமாக்கினார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். குடித்துவிட்டு வந்தவன் மனைவியை அடிப்பதும் கேட்கும். பலர் கேட்டும் வாளாவிருந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே நெருக்கம்தான் பிரசவ வலி வந்தவளுக்கு நள்ளிரவில் ஆள் சேர்த்தது. வாசலில் கோலம், முருங்கை, கறிவேப்பிலை, கோழிக்கூண்டு. படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணில் பத்து வீட்டுப் பிள்ளைகளும் பட்டார்கள்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. 1980க்கும் 2000க்கும் இடையே தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த இந்தியர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலருக்கு அடுக்குமாடி வாய்த்தது. குழாய்த் தண்ணீர், உள்ளேயே கழிவறை, யாரும் பிடுங்க முடியாத சொந்தச் சாவி: இவை சின்ன விஷயங்கள் அல்ல. லயத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆனால் கம்பிக் கதவுக்கு வெளியே இருண்ட நடைபாதை மட்டுமே மிஞ்சியது. பிள்ளைகளை உள்ளேயே பூட்டி வைத்தார்கள். மின்தூக்கி பழுதானால் பெரியவர்கள் மேல்மாடியிலேயே முடங்கினார்கள்.

குடியிருப்பின் அமைப்பு மனிதரைப் பாதிப்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கட்டடக்கலைஞர் ஆஸ்கார் நியூமன் 1972இல் வெளியிட்ட ஆய்வு, சில குடும்பங்கள் மட்டும் பகிரும் படிக்கட்டை அவர்களே காப்பார்கள், பல குடும்பங்கள் பகிர்ந்தால் அது யாருக்கும் சொந்தமற்றதாகிவிடும் என்று காட்டியது. 1984இல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச், மரம் தெரியும் சன்னலருகே படுத்திருந்த அறுவை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று பதிவு செய்தார். லயத்துப் பாட்டி இரண்டையும் அனுபவத்தில் அறிந்திருந்தாள்.

தொழிலாளர் வீடமைப்புக்கு 1966லும் 1990லும் சட்டங்கள் வந்தன. அறையையும் கழிவறையையும் அளந்தார்கள், வாசலை அளக்கவில்லை. ஜாசினிலும் அதே வட்டாரத்து மெர்லிமாவிலும் கோலாலம்பூரின் நிலத் தட்டுப்பாடு கிடையாது. இங்கே கட்டும் மலிவு விலை வீடுகள் நான்கு மாடிக்குள் நிற்கட்டும்; ஒரு படிக்கட்டை எட்டுக் குடும்பங்களுக்கு மேல் பகிர வேண்டாம்; தரைத்தளம் முதியவர்களுக்கு ஒதுக்கப்படட்டும்; ஒவ்வொரு வீட்டின் முன்னும் உட்கார ஒரு திண்ணை வேண்டும். இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களின் குடியிருப்புகளுக்கும் இதையே கேட்க வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, வாசல் அப்போதும் அதில் இடம்பெறவில்லை.